இந்த இரும்பு கிட்டாரை என்ன செய்யலாம்?

கேள்வி: நான் கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் இருக்கிறேன். ஊரில் இருந்தபோது சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்த பழக்கம் உண்டு. சமீபத்தில் இங்கே ஒரு பெரியவர் காலமான பிறகு அவர் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். அதில் உடம்பு முழுக்க இரும்பாலான ஒரு கிட்டார் கிடைத்தது. நடுவில் ஓட்டைகள் போட்ட வட்டமான தகடு மூடி, இரண்டு பக்கமும் வயலினில் இருப்பது போன்ற எஃப் வடிவத் துளைகள். காந்தம் நன்றாக ஒட்டுகிறது. பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். ஜன்னல் கண்ணாடியில் உறைபனி படிந்ததுபோல் பூப்பூவாகத் தெரிகிறது. மேல்பகுதியில் பாதிக்கு யாரோ சில்வர் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கழுத்தின் தலைப்பாகத்தில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்தும் நான்கு இலக்க எண்ணும் பதிந்திருக்கின்றன. உடம்பு தொடங்கும் இடம் வரை பன்னிரண்டு ஃப்ரெட்டுகள். தந்திகள் மிக உயரத்தில் நிற்கின்றன. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறு மில்லிமீட்டர் இடைவெளி. மீட்டினால் உள்ளே ஏதோ கடகடவென்று அதிர்கிறது. இது என்ன கிட்டார், எந்தக் காலத்தது? எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுப் பளபளவென்று குரோம் போடலாம் என்று நினைக்கிறேன். செய்யலாமா? நானே சரிசெய்யக்கூடிய வேலை எது, மெக்கானிக்கிடம் விட வேண்டிய வேலை எது?

பதில்: குரோம் போடாதீர்கள். சுரண்டவும் வேண்டாம். மற்றதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும் முன்பே உப்புத்தாளைக் கையில் எடுத்துவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. இது லாஸ் ஏஞ்சலீஸில் நேஷனல் ஸ்ட்ரிங் இன்ஸ்ட்ருமென்ட் கார்ப்பரேஷன் செய்த ‘துவோலியன்’ என்ற மாடலாக இருக்க வேண்டும். 1930களின் முற்பகுதியைச் சேர்ந்தது. கடையிலோ ஏலத்திலோ யாரும் சொல்லாமலே நீங்கள் இதை உறுதிசெய்துகொள்ளலாம். அதற்கு இந்தக் கருவி ஏன் பிறந்தது என்பது கொஞ்சம் தெரிய வேண்டும்.

1920களில் கிட்டார் வாசிப்பவர்களுக்கு இருந்த பெரிய துன்பம் சத்தம் போதாமை. மைக், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் மேடைக்கு வராத காலம். பான்ஜோவும் டிரம்பெட்டும் முழங்கும் நடன அரங்கில் மரக் கிட்டார் காதிலேயே விழாது. டெக்சாஸிலிருந்து வந்த ஜார்ஜ் பீச்சம் என்ற மேடைக் கலைஞர், கிட்டாரை மடியில் கிடத்தி எஃகுத் துண்டால் வாசிக்கும் ஹவாய் பாணிக்காரர். எனக்குச் சத்தமான கிட்டார் வேண்டும் என்று லாஸ் ஏஞ்சலீஸில் ஜான் டோப்யேராவைத் தேடிப் போனார். டோப்யேரா இன்றைய ஸ்லோவாக்கியாவில் பிறந்து குடியேறியவர். வயலினும் பான்ஜோவும் செய்யத் தெரிந்தவர். கிட்டாரின் வயிற்றுக்குள் அலுமினியக் கூம்புகளை வைத்து, தந்தியின் அதிர்வை மரப்பலகைக்குப் பதிலாக அந்தக் கூம்புகளுக்கு அனுப்பினார். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு செய்யும் அதே வேலை. மின்சாரம் மட்டும் கிடையாது.

1927இல் வந்த முதல் மாடலில் மூன்று சிறிய கூம்புகள். அவற்றின் மேல் ‘டி’ வடிவ அலுமினிய பிரிட்ஜ். உடம்பு ஜெர்மன் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உண்மையில் அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம். நம் வீட்டு பூஜை அறைகளிலும் இதே உலோகத்தைப் பார்த்திருப்பீர்கள். ‘ட்ரைகோன்’ என்று அழைக்கப்படும் இந்தக் கருவியின் ஒலி நீண்டு, இனிமையாகக் கரையும். விலைதான் அதிகம்: வேலைப்பாடில்லாத ஸ்டைல் 1 மாடலே 125 டாலர், செவ்வந்திப்பூ செதுக்கிய ஸ்டைல் 4 மாடல் 195 டாலர். அந்தக் காலத்தில் சாதாரண உழைப்பாளி தொட முடியாத தொகை.

அடுத்த ஆண்டே ஒற்றைக் கூம்பு வைத்த மலிவான வடிவம் வந்தது. ஒன்பதரை அங்குல விட்டமுள்ள ஒரே கூம்பு. அதன் உச்சியில் பிஸ்கட் அளவில் ஒரு மேப்பிள் மர வில்லை. வில்லையில் செருகிய மெல்லிய மரச் சேடில் மேல் தந்திகள் ஏறிப் போகும். இதற்கு ‘பிஸ்கட் பிரிட்ஜ்’ என்றே பெயர். ஒற்றைக் கூம்பு யாருடைய யோசனை என்பதில் டோப்யேராவுக்கும் பீச்சமுக்கும் மனக்கசப்பு முற்றியது. டோப்யேரா விலகி, சகோதரர்களோடு சேர்ந்து ‘டோப்ரோ’ என்ற கம்பெனியைத் தொடங்கினார். டோப்ரோவில் கூம்பைத் தலைகீழாக, கிண்ணம் போல் வைத்து, அதன் மேல் எட்டுக் கால் சிலந்தி வடிவில் ஒரு வார்ப்புலோகச் சட்டத்தை உட்கார வைத்தார்கள். ஆக, மூடித் தகட்டைக் கழற்றிப் பார்த்தாலே வம்சம் தெரிந்துவிடும். மூன்று கூம்பு என்றால் ட்ரைகோன். ஒற்றைக் கூம்பு உச்சியை உங்களை நோக்கி நீட்டி, அதன் மேல் மர வில்லை இருந்தால் நேஷனல் வழி. கிண்ணமும் சிலந்தியும் இருந்தால் டோப்ரோ வழி. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து எல்லா உலோகக் கிட்டாரையும் டோப்ரோ என்று சொல்கிறவர்கள் இன்றும் கடைகளில் இருக்கிறார்கள், நம்பாதீர்கள்.

உங்களுடையதில் பிஸ்கட் இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த கேள்வி, நேஷனலின் ஒற்றைக் கூம்பு மாடல்களில் எது என்பது. காந்தம் ஒட்டுகிறது என்றால் எஃகு. பித்தளையிலும் ஜெர்மன் சில்வரிலும் ஒட்டாது. நிக்கல் பூசிய பித்தளையில் வலுவான காந்தம் லேசாக இழுபடலாம், அதை எஃகு என்று எண்ணிவிடக் கூடாது. நிக்கல் பூச்சின் மேல் பனைமரமும் கடற்கரையும் மணல்வீச்சால் வரைந்திருந்தால் அது ‘ஸ்டைல் ஓ’. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 1985ஆம் ஆண்டு ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ ஆல்பத்தின் அட்டையில் மேகங்களுக்கு நடுவே மிதக்கிறதே, அது 1937இல் செய்த ஸ்டைல் ஓ. ஆரம்ப கால ஸ்டைல் ஓ சில எஃகிலும் வந்ததால், காந்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பல வண்ணத் தூவலோ வால்நட் நிறப் பூச்சோ இருந்து, எண்ணின் கடைசியில் ‘பி’ அல்லது ‘டபிள்யூ’ இருந்தால் ‘ட்ரையோலியன்’. எண்ணுக்கு முன்னால் ‘எஸ்’ என்றால் ஸ்டைல் ஓ. ‘சி’ என்றால் துவோலியன்.

இதையெல்லாம் விட உறுதியான சாட்சி நீங்கள் சொன்ன உறைபனிப் பூ. 1929இல் பங்குச்சந்தை சரிந்து மக்கள் கையில் காசு வற்றிய காலத்தில், நேஷனல் கொண்டுவந்த மிக மலிவான உலோகக் கிட்டார்தான் துவோலியன். விலை 32.50 டாலர். செதுக்கல் இல்லை, நிக்கல் முலாம் இல்லை. டூபான்ட் கம்பெனியின் ‘டூகோ’ என்ற பெயின்ட், அதாவது அப்போது மோட்டார் கார்களுக்கு அடித்துக்கொண்டிருந்த நைட்ரோசெல்லுலோஸ் வகை லாக்கர், படிகம் படிகமாக உலரும்படி எஃகின் மேல் அடிக்கப்பட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒவ்வொரு கருவியிலும் அந்தப் பூக்கள் வேறு வேறு விதமாக விரிந்திருக்கும். செலவைக் குறைக்க வந்த பூச்சுதான், ஆனால் ஒரு ட்ரைகோனின் செதுக்கலை விட இதுவே எனக்குப் பிடித்தது. புக்கா ஒயிட், பிளைண்ட் பாய் ஃபுல்லர் போன்ற ப்ளூஸ் கலைஞர்கள் கையில் இருந்தது துவோலியன்தான். குரோம் போட வேண்டாம் என்று நான் கெஞ்சுவதற்கு இதுதான் காரணம். குரோமுக்கு முன் உடம்பை அமிலத்தில் முக்கி, சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பார்கள். பூ போய்விடும், திரும்ப வராது. துவோலியன் ஒருபோதும் பளபளத்த கருவியும் இல்லை. பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால், வீட்டில் வைத்துச் சுரண்டுவது உங்கள் நுரையீரலுக்கும் கேடு.

காலத்தைச் சொல்ல, உடம்பு சேரும் இடம் உதவும். பன்னிரண்டு ஃப்ரெட் வெளியே இருப்பவை முந்தியவை. பதினான்கு ஃப்ரெட் வடிவம் 1930களின் நடுவில்தான் பரவலானது. கம்பெனி 1936இல் சிகாகோவுக்குப் போய்விட்டது. ஆக உங்களுடையது லாஸ் ஏஞ்சலீஸ் காலத்தது. எண்ணை வைத்து ஆண்டைக் கூறும் பட்டியல்கள் பிற்காலச் சேகரிப்பாளர்கள் பல கருவிகளை ஒப்பிட்டுத் தொகுத்தவை. ஓரிரு ஆண்டு முன்பின்னாக எடுத்துக்கொள்ளுங்கள்.

புது நகலாக இருக்குமோ என்ற சந்தேகமும் தீர வேண்டும். 1980களின் இறுதியில் கலிஃபோர்னியாவிலேயே நேஷனல் ரெஸோ-ஃபோனிக் என்ற கம்பெனி தொடங்கி, பழைய மாடல்களை மிகத் தரமாக மீண்டும் செய்துவருகிறது. ஆசியாவில் செய்த மலிவான நகல்களும் ஏராளம். தலைப்பாகத்தில் சிறு மூடி இருந்து, அதன் கீழ் கழுத்தை நேராக்கும் கம்பியின் முனை தெரிந்தால் அது புதியது; பழைய நேஷனலில் அப்படி முறுக்கிச் சரிசெய்யும் கம்பி கிடையாது. மூடித் தகட்டு ஸ்க்ரூக்களையும் பாருங்கள். கூட்டல் குறி போட்ட தலை 1936க்குப் பிறகுதான் தொழிற்சாலைகளில் புழங்கத் தொடங்கியது. பழைய துவோலியனில் ஒற்றைக் கோட்டுத் தலைதான் இருக்க வேண்டும். கூட்டல் குறி இருந்தால் ஸ்க்ரூவை யாரோ மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்காகக் கிட்டாரையே போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

இனி வேலை. தந்திகளை ஒரே தடவையில் அறுத்துவிடாமல், ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள். ஒற்றைக் கோட்டுத் தலைக்குச் சரியாகப் பொருந்தும் அகலத்தில் திருப்புளி வேண்டும். வழுக்கினால் பெயின்டில் கீறல் விழும். மூடியைத் தூக்கியதும் கூம்பு தெரியும். அது ஒட்டப்பட்டோ முடுக்கப்பட்டோ இருக்காது. உள்ளே ஒரு வட்ட விளிம்பின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். தந்திகள் கீழே அழுத்தும் அழுத்தம்தான் அதை இடத்தில் நிறுத்துகிறது. பழுதுபார்க்கிறேன் என்று யாரோ பசையோ ரப்பரோ வைத்திருந்தால், உங்கள் கிட்டாரின் குரல் அங்கேயே அடைபட்டிருக்கும்.

கூம்பை இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து எடுங்கள். கால் மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். விரல் பட்டாலே நசுங்கும். சமமான கண்ணாடி மேல் கவிழ்த்துவைத்து, ஓரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே விளிம்பு வளைந்திருக்கிறது. ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா, உச்சி உள்ளே இறங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். எஃகு விளிம்பும் அலுமினியமும் ஈரத்தோடு பல ஆண்டு தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். வெள்ளைப் பொடி இருந்தால் அதன் அடையாளம். உடம்பின் விளிம்பில் துருச்செதில் இருந்தாலும் கூம்பு சமமாக உட்காராது. நீங்கள் கேட்கும் கடகடப்புக்கு இதுவே காரணமாக இருக்கலாம். மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் துண்டாலோ செதிலை மட்டும் எடுத்து, துளி எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். கூம்பின் உட்புறத்திலிருந்து பிஸ்கட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் இரைச்சல் வரும். அதைப் பதமாக முடுக்குங்கள், பலத்தைக் காட்டினால் மரம் பிளக்கும்.

சிறு நசுங்கல் இருந்து விளிம்பு நன்றாக இருந்தால் பழைய கூம்பையே வைத்துக்கொள்ளுங்கள். உச்சி அமுங்கிப்போயிருந்தால் புதுசு வாங்குங்கள். நான் மேலே சொன்ன ரெஸோ-ஃபோனிக் கூம்புகள் இந்த அளவில் கிடைக்கின்றன. ‘எல்லாம் அசலாக இருக்க வேண்டும்’ என்பவர்கள் இங்கே என்னோடு சண்டைக்கு வருவார்கள். கூம்பு உழைத்துத் தேயும் பொருள், அதை மாற்றுவதில் தவறில்லை என்பது என் கருத்து. பெயின்டும் கழுத்தும் எண்ணும் அப்படியல்ல. கழற்றிய கூம்பையும் பிஸ்கட்டையும் துணியில் சுற்றிக் கிட்டார் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். உங்களுக்குப் பின் வாங்குகிறவர் அதைத் தேடுவார்.

சில்வர் பெயின்டை என்ன செய்வது என்பது கடினமான கேள்வி. தின்னரோ அசிட்டோனோ தொடாதீர்கள். மேலிருக்கும் சில்வரைக் கரைப்பது அடியிலிருக்கும் டூகோவையும் சேர்த்தே கரைக்கும். தந்திகளைப் பிடிக்கும் வால்தகட்டின் அடியிலோ மூடி மறைக்கும் ஓரத்திலோ, சில்வர் பட்ட ஒரு மூலையில் விரல் நகத்தால் மட்டும் நெருடிப் பாருங்கள். உரிந்து வந்தால் பொறுமையாக மர முனையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். வராவிட்டால் அப்படியே விடுங்கள். பாதி சில்வரோடு இருக்கும் துவோலியனை மதிப்பவர்கள் உண்டு. முழுக்கச் சுரண்டிப் புதுப்பெயின்ட் அடித்ததற்கு மதிப்பு வெகுவாகக் குறையும்.

தந்தி ஆறு மில்லிமீட்டர் நிற்கிறதே, இதுதான் மெக்கானிக்கின் வேலை. விரலில் ஸ்லைடு என்ற குழாயை மாட்டி வாசிக்க மூன்று மில்லிமீட்டர் சுகமாக இருக்கும். விரலால் அழுத்த அதையும் விடக் குறைவு வேண்டும். பலர் செய்யும் எளிய வழி சேடிலைத் தேய்த்து உயரத்தைக் குறைப்பது. தந்தி சேடிலைத் தாண்டியதும் கீழ்நோக்கி மடங்கினால்தான் கூம்பின் மேல் அழுத்தம் இருக்கும். சேடிலைக் குறைத்தால் அந்த மடிப்பு தட்டையாகி, கூம்பு தளர்ந்து, ஒலி சோர்ந்துபோகும். அதனால் முதலில் நோய் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நேரான இரும்பு ஸ்கேலை ஃப்ரெட்டுகள் மேல் வையுங்கள். நடுவில் பள்ளம் தெரிந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. கழுத்து நேராக இருந்தும் ஸ்கேலின் முனை பிரிட்ஜுக்கு மிகக் கீழே போனால் கழுத்தின் கோணம் மாறியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

நேஷனல் கழுத்து உடம்போடு முடிவதில்லை. அதன் தொடர்ச்சியாக ஒரு மரக்கட்டை உள்ளே வால்பக்கம் வரை ஓடும். முதுகுத் தகட்டுக்கும் அதற்கும் நடுவே சிறு மரத்துண்டுகள் முட்டுக்கொடுத்திருக்கும். அந்த முட்டு ஒன்று விழுந்து உருண்டுகொண்டிருந்தாலும் கடகடவென்று சத்தம் வரும், கோணமும் மாறும். கூம்பை எடுத்ததும் உள்ளே டார்ச் அடித்து இதைப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் உங்கள் இரண்டு குறையும் ஒரே இடத்தில் தீரும். கழுத்தைக் கழற்றும் நிலை வந்தால் நீங்கள் முயல வேண்டாம். உடம்பின் மேல் நீளும் விரல்பலகையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் அநேகமாகப் புள்ளி அடையாளங்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அது தெரியாமல் நெம்பிப் பிளந்த பலகைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கழுத்து வளைந்திருந்தால் பலகையைச் சமன்படுத்தி, வேர் சற்றுத் தடித்த ஃப்ரெட்டுகளை இறுக்கி நேராக்குவார்கள். இப்படிக் கூம்பு வைத்த உலோகக் கிட்டாரில் பழகிய கைவினைஞரையே தேடுங்கள். மரக் கிட்டாரில் எவ்வளவு தேர்ந்தவரானாலும் இதன் உட்கூடு வேறு.

உங்கள் கழுத்தின் பின்புறம் உருண்டையா சதுரமா என்று நீங்கள் எழுதவில்லை. சதுரம் என்றால் அது மடியில் கிடத்தி வாசிக்கச் செய்தது. நம் சித்திரவீணையைப் போல் மேலிருந்து தந்தியில் வழுக்கி வாசிக்கும் முறை. அதற்குத் தந்தி உயரமாக நிற்பது குறையே இல்லை, கழுத்துச் சிகிச்சையும் தேவைப்படாது. அந்த ஹவாய் பாணியை ஊர் ஊராகக் கொண்டுபோன டாவ் மோ குடும்பத்தார் 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார்கள். இன்று இந்துஸ்தானி இசையில் கிட்டார் மடியில் கிடப்பதற்கு அந்த வழியும் ஒரு காரணம்.

உருண்டைக் கழுத்தென்றால், எல்லாம் சரியான பின் 13இல் தொடங்கும் தந்தி செட் போடுங்கள். மெல்லிய தந்தியில் கூம்பு விழித்துக்கொள்ளாது. வழக்கமான சுருதிக்கு முறுக்காமல், ஓபன் டி அல்லது ஓபன் ஜி முறையில் தளர்த்தி வாசித்தால் கழுத்துக்கும் இழுவிசை குறையும், ஸ்லைடுக்கும் அதுவே பொருத்தம். சேடிலில் தந்தி உட்காரும் பள்ளம் தந்தியின் பாதி கனத்துக்கு மேல் ஆழமாக வேண்டாம். வாசித்து முடித்ததும் கை வியர்வையை உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்பு பட்டால் எஃகு துருப்பிடிக்கும். உலோக பாலிஷ் எதுவும் வேண்டாம். உள்ளே பார்த்த பிறகு பிஸ்கட், உள்கட்டை, எண் மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கழுத்துக்கு என்ன செய்வது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.